கதிர் கனத்தால் போதுமா?

காற்றிலே கரியமில வாயு பெருகுகிறதாம், பெருகட்டுமே! அதுதானே பயிருக்கு உணவு? உணவு மிகுந்தால் விளைச்சல் மிகும், விளைச்சல் மிகுந்தால் ஏழை வயிறு நிறையும். இப்படி ஒரு வாதம் உலகிலே நெடுநாளாக உலவுகிறது. அமெரிக்க நிலக்கரி வட்டாரத்தார் 1990களில் இதைப் படமாகவே எடுத்துப் பரப்பினார்கள். கரியை எரிப்பதும் அவர்களே, அது உனக்கு நன்மை என்று உபதேசம் செய்வதும் அவர்களே!

தோழர்களே, இந்த வாதத்தில் பாதி உண்மை. மீதியைத்தான் மறைக்கிறார்கள்.

1958-இல் ஹவாய்த் தீவின் மலை உச்சியில் கீலிங் என்ற அறிஞர் அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு 315 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இந்த வாயு கூடினால் நெற்பயிர் ஓரளவு கூடுதலாக விளையும், மறுக்கவில்லை. ஆனால் விளைவது எது? மாவுச்சத்து! உடலுக்கு உரமூட்டும் புரதமோ தழைச்சத்து இல்லாமல் உருவாகாது. அந்தத் தழைச்சத்து காற்றிலிருந்து நெல்லுக்கு நேரே கிடைப்பதில்லை. வேர்தான் மண்ணிலிருந்து உறிஞ்சித் தர வேண்டும்.

இங்கேதான் சிக்கல். கரியமில வாயு தாராளமாகக் கிடைக்கும்போது, அதைப் பிடிக்கும் வேலையைச் செய்கிற புரதத்தை இலை குறைத்துக்கொள்கிறது. இலைத் துளைகள் சுருங்குகின்றன. பயிர் இழுக்கும் நீர் குறைகிறது. நீரோடு கரைந்து வேரை நாடி வரும் சத்தும் குறைகிறது. மாவுச்சத்து பெருக, புரதம் அதற்கு ஈடாகப் பெருகவில்லை. பால் அதேதான், ஊற்றிய தண்ணீர்தான் அதிகம்!

வெறும் ஊகமா இது? இல்லை. சீனத்திலும் ஜப்பானிலும் திறந்த வயலில், இந்த நூற்றாண்டிலேயே வரக்கூடும் என்று கருதப்படும் அளவுக்குக் கரியமில வாயுவைக் கூட்டி, 18 நெல் ரகங்களை வளர்த்துப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வெளிவந்தது. அரிசியில் புரதம் சராசரி 10 சதவீதம் குறைவு; இரும்பு 8 சதவீதம், துத்தநாகம் 5 சதவீதம் குறைவு.

முட்டையும் பாலும் மீனும் நாள்தோறும் இலையில் விழும் வீட்டுக்கு இது பெரிய இழப்பன்று. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற பாகூரிலே, வில்லியனூரிலே நாற்று நட்டு, களை பறித்து, மூன்று வேளையும் சோற்றையே நம்பி வாழும் குடும்பத்துக்கோ பேரிழப்பு! இந்தியர் ஒருவர் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு. அமெரிக்கர் ஒருவர் கணக்கில் சுமார் 14 டன். புகை விட்டவன் அங்கே, சத்து இழப்பவன் இங்கே. இது நியாயந்தானா?

"இன்னொரு மூட்டை யூரியா போட்டால் தீர்ந்தது" என்பார் சிலர். 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து சுமார் 20 கிலோ. வயலில் இட்டதில் பாதிக்கு மேல் பயிருக்குச் சேர்வதே இல்லை. ஆவியாகப் போகிறது, நீரோடு ஓடுகிறது. ஒரு சிறு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக மாறி, எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல் 270 மடங்கு பூமியைச் சூடாக்குகிறது. அளவு மீறி இட்டாலோ புகையான் வரும். ஏரிக்கு ஓடிய உரத்தில் ஆகாயத்தாமரை செழிக்கும். ஊசுட்டேரிக்கும் பாகூர் ஏரிக்கும் உரம் போடவா உழவன் கடன் வாங்குகிறான்?

வழி இல்லாமல் இல்லை. யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல், இலை வண்ண அட்டையைப் பார்த்துப் பிரித்து இடலாம். நடவுக்கு முன் தக்கைப்பூண்டை மடக்கி உழலாம். சம்பா அறுத்த ஈரத்தில் உளுந்து விதைக்கலாம். உளுந்தின் வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. ஆகவே நெல்லில் குறைவதுபோல் பருப்பு வகையில் புரதம் அவ்வளவாகக் குறைவதில்லை.

ஆனால் எல்லாப் பாரத்தையும் உழவன் தலையில் ஏற்றிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ளலாமா? வாயு கூடினாலும் புரதம் குறையாத ரகங்களை ஆராய்ந்து கண்டுபிடிப்பது அரசின் கடமை. உளுந்துக்குக் கட்டுபடியாகும் விலை தந்து கொள்முதல் செய்வதும் அதன் கடமை. 2015-இல் புதுச்சேரியில் அரிசிக்குப் பதில் பணம் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். அது முதல் அரிசியா, பணமா என்றே வழக்கு நடந்தது. இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அரிசியோடு பருப்பு எங்கே?

கிளைக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். களத்துமேட்டில் எடுத்துச் சொல்லுங்கள். மூட்டையின் எடையைப் பார்த்து மகிழ்வது வணிகனின் வேலை. சோற்றிலே சத்து வேண்டும் என்று கேட்பது, அதை விளைவித்தவனின் உரிமை!