தெருதோறும் மரம், மரந்தோறும் பெயர்

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை நிரல்படக் கூறினார். அந் நிரலை நெட்டுருச் செய்து ஒப்பிக்கும் மாணவர் இன்றும் உளர். அவருள் எத்துணையர் அப் பூக்களுள் பத்தையேனும் கண்ணாற் கண்டிருப்பர்? ஞாழல் என்பது ஒருவகை மரம். பிடவம் என்பது ஒருவகைச் செடி என்று அருஞ்சொற்பொருள் கூறுவதோடு பாடம் முடிந்துவிடுகின்றது. காணாத பொருளின் பெயர் வெற்றொலியே. அவ் வெற்றொலி ஒரு தலைமுறையில் நெட்டுருவாய் நிற்கும். மறு தலைமுறையில் அதுவும் மறையும்.

நிலத்திற்கே மலர்ப்பெயர் இட்டு வாழ்ந்த இனம் தமிழினம். சேரர்க்குப் பனையும் சோழர்க்கு ஆத்தியும் பாண்டியர்க்கு வேம்பும் அடையாளப் பூக்களாயின. ஆலங்காடு, கடம்பூர், மருதூர், பாதிரிப்புலியூர் என மரத்தாற் பெயர்பெற்ற ஊர்கள் எண்ணில. பெயர் நிற்க, மரம் மறைந்த ஊர்களும் அவற்றுட் பல.

இந்நாளில் இளைஞர் ஒன்றுகூடித் தம் தெருக்களில் மரமும் பூச்செடியும் நட்டு அழகு செய்ய முனைகின்றனர். பாராட்டத்தக்க பணி இது. ஆயின், விரைந்து வளரும் என்பதொன்றே கருதிக் கைக்குக் கிடைத்ததை நடுதல் போதாது. செம்மயிற்கொன்றை மடகாசுக்கரிலிருந்து வந்தது. தூங்குமூஞ்சி அமெரிக்க நிலத்தது. 2016 திசம்பர் 12-ஆம் நாள் வர்தாப் புயல் சென்னையைத் தாக்கியபோது வீழ்ந்தவற்றுள் இத்தகைய அயல்மரங்கள் மிகுதி. வேரை அறுத்துக் குழாய் பதித்ததும், அடிமரம்வரை சீமைக்காரை பூசியதும் அவ் வீழ்ச்சிக்குத் துணைநின்றன. நிற்கும் மரம் எதுவாயினும் நிழல் தருக. அதனை வெட்டுதல் வேண்டா. புதிதாய் நடுவதை மண்ணறிந்து நடுக.

அகன்ற தெருவிற்கு வேம்பு, புங்கு, மகிழ், கொன்றை. கடற்கரை ஊர்க்குப் புன்னை, பூவரசு. மின்கம்பி செல்லும் ஒடுங்கிய தெருவிற்குப் பவழமல்லி, செம்பருத்தி. வேலியோரம் நொச்சி, முல்லை. இவ்வாறு நட்ட தெருவில் வேனிற்காலத்தில் வேம்பும் புங்கும் பூக்கும். கொன்றை பொன் சொரியும். மழைக்காலத்து வைகறையில் பவழமல்லி நிலத்தை வெண்மையாக்கும். பருவத்தைத் தெருவே அறிவிக்கும்.

நடுதல் ஒருநாட் செயல். வளர்த்தல் மூன்று கோடைக் கடமை. நட்ட நாளில் ஒளிப்படமும் மாலையும். அடுத்த கோடையில் வெறுங்கூண்டும் காய்ந்த குச்சியும்! இந் நிலை மாறுதல் வேண்டும். மழைதொடங்கும் காலத்தில் நடுக. அடியைச் சுற்றி இரண்டு முழமேனும் மண்ணைத் திறந்து விடுக. மரத்தில் ஆணி அறைந்து விளம்பரப் பலகை தொங்கவிடுவாரைத் தடுக்க. பண்டை வேந்தர் காவல்மரத்தைத் தம் மானமெனக் காத்தனர். பகைவர் முதலில் வெட்டக் கருதியதும் அதனையே. வீட்டிற்கொரு மரம் எனப் பிரித்து, அவ்வவ் வீட்டாரே தம் காவல்மரமாய்க் கொள்வாராயின் ஒரு கன்றும் பட்டுப்போகாது.

ஒவ்வொரு மரத்திலும் அதன் தமிழ்ப்பெயரை எழுதிய சிறு பலகையைக் கயிற்றாற் கட்டுக. பள்ளி செல்லும் பிள்ளை நாள்தோறும் மகிழின் நிழலில் நடந்து, அதன் பூவைப் பொறுக்கி, அதன் பெயரைப் படிப்பானாயின், அவனுக்கு மகிழ் 'ஒருவகை மரம்' ஆகாது. அவன் தெருவின் மரமாகும். பின்னர் அவன் பாட்டைப் படிக்குங்கால் உரை வேண்டாமலே பொருள் விளங்கும்.

முல்லைக்குத் தேரீந்த பாரியை மேடைதோறும் புகழ்கின்றோம். தேர் வேண்டா, வாயிலில் வாடிநிற்கும் கன்றிற்கு நாள்தோறும் ஒரு குடம் நீர் ஈந்தாற் போதும். அப் புகழுரைக்கு அதுவே பொருளாகும்.