பந்திக்கு முந்தினால் மட்டும் போதுமா?

'பந்திக்கு முந்து' என்பது பெரியோர் வாக்கு. அமெரிக்காவில் வேலை செய்வதற்கான எச்-1பி விசாவை நாடும் நம் பிள்ளைகளுக்கும் பலர் இதையே ஓதுகிறார்கள். முந்த வேண்டியதுதான். ஆனால் எங்கே முந்துவது?

பால் வெட்டிய காசில் பிள்ளையைப் பட்டதாரியாக்கிய பெற்றோர் நம்மிடையே உண்டு. அவர்கள் முதலில் கணக்கை அறிய வேண்டும். இந்த விசா வருஷத்திற்கு 65,000 பேருக்கு. அமெரிக்கக் கல்லூரிகளில் மேற்பட்டம் பெற்றோருக்கு மேலும் 20,000. உலகம் முழுமைக்கும் இவ்வளவே. 2007 ஏப்ரலில் மனு வாங்கத் தொடங்கிய முதல் நாளிலேயே இடங்களை மிஞ்சிய மனுக்கள் வந்து குவிந்தன. 2020 முதல் மார்ச் மாதத்தில் பதிவு, பிறகு குலுக்கல் என்று முறை மாறியது. பதிவுக் காலத்தின் முதல் நாள் பதிந்தவருக்கும் கடைசி நாள் பதிந்தவருக்கும் இதில் வித்தியாசம் இல்லை. 2026 முதல் ஊதியம் உயர்ந்த வேலைக்குக் குலுக்கலில் கூடுதல் வாய்ப்பு. புதிதாகப் பட்டம் பெற்ற ஏழைப் பிள்ளைக்கு இது பாதகமே. போதாக்குறைக்கு, அந்நாட்டுக்கு வெளியே இருப்பவருக்காக முதலாளி போடும் புதிய மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் ஆணை பிறந்தது.

ஆகவே வாசலில் முண்டியடிப்பதில் பயனில்லை. முந்த வேண்டிய இடம் நம் வீட்டுத் தகரப் பெட்டி. பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, பள்ளிச் சான்று, பட்டம், பாஸ்போர்ட் ஆகிய ஐந்திலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா? தோட்டத்தில் பிறந்தவரின் பெயர், சொன்னவர் வாயிலும் எழுதியவர் காதிலும் பட்டுச் சிதைந்தது எத்தனை! முனியம்மா ஓரிடத்தில் முனியம்மாள், மற்றோரிடத்தில் முன்னியம்மா. 2024 முதல் குலுக்கலில் ஆளை அடையாளம் காண்பது பாஸ்போர்ட்டைக் கொண்டுதான். மார்ச்சில் பிழையைக் கண்டு ஏப்ரலில் திருத்திவிட முடியுமா? மூன்று வருஷப் பட்டமானால், அது அமெரிக்கப் பட்டத்திற்கு நிகர்தானா என்ற மதிப்பீடும் தேவைப்படும். அதற்கும் காலம் பிடிக்கும்.

காகிதத்தில் பிந்தினால் என்ன நேரும் என்பதை நம் இனம் பட்டு அறிந்திருக்கிறது. 1957-இல் சுதந்திரம் வந்தபோது, மலாயாவில் பிறந்தவர்கள் ஓராண்டுக்குள் மனுச் செய்தால் மலாய் மொழித் தேர்வின்றிப் பிரஜா உரிமை பெற வழி இருந்தது. 'பிறந்த மண்தானே, யார் கேட்கப் போகிறார்கள்?' என்று இருந்துவிட்டோர் பலர். 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1969-இல் அமலுக்கு வந்தது. பிரஜை அல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றானது. ஆயுள் முழுதும் பால் வெட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். உழைப்பில் அவர்கள் குறை வைக்கவில்லை. கையில் காகிதம் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 65,000-இல் 5,400 இடங்கள் சிங்கப்பூர்ப் பிரஜைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. 2004-இல் நடப்புக்கு வந்த வாணிப ஒப்பந்தத்தின் பலன் அது. அதற்குக் குலுக்கல் கிடையாது. மிஞ்சும் இடங்கள் பொதுக் கணக்கில் சேர்ந்து பிறருக்குப் போய்விடும். சிங்கப்பூர்ச் சகோதரர்கள் தங்களுக்குரிய இலையை மடித்துவிட்டு ஊர்ப் பந்தியில் இடம் தேட வேண்டாம். மலேசியப் பிள்ளைகளுக்கு அத்தகைய தனி ஒதுக்கீடு இல்லை. அவர்களுக்கு ஆயத்தம் இரட்டிப்பாக வேண்டும்.

ஏஜெண்டுகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. பதிவு செய்ய வேண்டியவர் வேலை தரும் முதலாளி. தொழிலாளி தானாகப் பதிய முடியாது. 'முன்பணம் கொடு, நம்பர் எடுத்துத் தருகிறேன்' என்பவன் கையில் எந்த நம்பரும் இல்லை. நகையை அடகு வைத்து அவன் பையை நிரப்பாதீர்கள்.

கிராணி நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாரம் நிரப்பத் தெரிந்தவர்கள் நீங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, சங்கக் கிளையில் ஒரு மேசை போட்டு உட்காருங்கள். பத்து வயதுப் பிள்ளையின் பத்திரத்தை இன்று சரி பார்த்தால், அவன் இருபத்தைந்து வயதில் எந்த நாட்டுக் கதவையும் நிமிர்ந்து நின்று தட்டுவான். அமெரிக்கக் கதவு திறக்காமலே போகலாம். அப்போதும் அந்தக் காகிதம் இந்நாட்டிலேயே அவன் உரிமைக்குக் காவலாக நிற்கும்.

விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போன இனம் நாம். முந்துவது நமக்குப் புதிதல்ல. இனிக் காகிதத்திலும் முந்துவோம்.