காலி நாற்காலி

என் மேஜைக்குப் பக்கத்து அலமாரியில் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இருக்கிறது. ஆறு தொகுதிகள், ஓர் அநுபந்தம். கதையில் ஒரு கிழவியின் வாயில் வைத்த சொல் சரிதானா என்று இரவு பதினொரு மணிக்குச் சந்தேகம் வந்தால், எழுந்து போய் அதைத்தான் புரட்டுவேன். கல்லூரிப் படிப்பை இரண்டாம் வருஷத்தோடு நிறுத்திக்கொண்டவன் நான். எந்தப் பல்கலைக்கழகமும் எனக்குப் பட்டம் கொடுத்ததில்லை. ஆனால் ஒரு பல்கலைக்கழகம் இந்த ஏழு புத்தகங்களைக் கொடுத்திருக்கிறது. அந்தக் கடனை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அகராதி வேலை 1913-இல் தொடங்கியது. அச்சில் முதல் பகுதி வந்தது 1924-இல்; ஆறாம் தொகுதி முடிந்தது 1936-இல்; அநுபந்தம் வந்தது 1939-இல். ஆக இருபத்தாறு வருஷம். மதுரைப் பக்கம் ஊழியம் செய்த அமெரிக்கப் பாதிரியார் சாண்ட்லர் ஆரம்பித்துவைத்தார். 1926-இல் வக்கீலாக இருந்த வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக வந்து முடித்துக் கொடுத்தார். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். முதலில் போட்ட கணக்கைவிடக் காலமும் அதிகமாயிற்று, பணமும் அதிகமாயிற்று. ஆனாலும் நடுவில் யாரும் கைவிடவில்லை. ஆட்கள் மாறினார்கள், வேலை மாறவில்லை. பல்கலைக்கழகம் என்று ஒன்று எதற்கு இருக்கிறது என்று கேட்டால், இதற்குத்தான் என்பேன்.

இப்போது அதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு கதையைப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக் காலம் முடிந்தது. அடுத்தவரைத் தேட ஒரு குழு வேண்டும். அந்தக் குழுவில் மூன்று பேரா, நாலு பேரா என்று தகராறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் பிரதிநிதியையும் சேர்த்து நாலு பேர் என்றார் வேந்தராகிய கவர்னர். அவர் இல்லாமல் மூன்று பேர் என்றது மாநில அரசு. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரம் அரசுக்கே என்று 2022-இல் சட்டசபை ஒரு மசோதா நிறைவேற்றியிருந்தது. அது ஒப்புதல் கிடைக்காமல் கிடந்தது. 2025 ஏப்ரல் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், நிலுவையில் இருந்த பத்து மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கருதலாம் என்றது. மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் நியமனச் சட்டத்துக்குத் தடை போட்டது. நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், அப்படி ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவது அரசியல் சட்டத்தில் இல்லை என்று ஜனாதிபதிக்குக் கருத்துச் சொன்னார்கள். இந்தப் பரமபத ஆட்டத்துக்கு நடுவே, 2025 ஆகஸ்டில் நாற்காலி காலியாகி இரண்டு வருஷம் பூர்த்தியாயிற்று.

நியமிக்கும் உரிமை யாருக்கு என்பது அற்பக் கேள்வி என்று நான் சொல்லவில்லை. ஓட்டு வாங்கி வந்த அரசுக்குச் சொந்தப் பல்கலைக்கழகத்தில் குரல் இல்லையா என்பதிலும் நியாயம் உண்டு. கட்சி அரசியல் அங்கே புகுந்துவிடக் கூடாது என்ற பயத்திலும் நியாயம் உண்டு. என் ஆத்திரம் வேறு. பத்திரிகைகளில் இந்த வழக்கைப் பற்றிப் படித்தபோதெல்லாம், நூலகம், ஆய்வுக்கூடம், ஓய்வு பெற்ற பேராசிரியரின் இடத்துக்கு யார் வருவார் என்பன போன்ற வார்த்தைகள் எங்காவது தட்டுப்படுகின்றனவா என்று தேடினேன். என் கண்ணில் படவில்லை. வண்டி யாருடையது என்று சண்டை போடுகிறவர்கள் அது போக வேண்டிய ஊரை மறந்துவிட்டார்கள்.

கல்லூரியில் பாடம் நடத்தும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் சிரித்தார்.

“என்ன ஸார், நீங்கள் ஒன்று! பரீட்சை நடக்கிறது, ரிசல்ட் வருகிறது. ஒருங்கிணைப்புக் குழு கையெழுத்துப் போடுகிறது. என்ன குடி முழுகிவிட்டது?” என்றார்.

குடி முழுகாததுதான் ஆபத்து. 1857-இல் சென்னை சர்வகலாசாலை லண்டன் மாதிரியில் பிறந்தபோது அதன் வேலை பரீட்சை வைப்பதும் பட்டம் கொடுப்பதுந்தான். பாடம் சொல்லவும் ஆராய்ச்சி செய்யவும் பின்னால்தான் வழி பிறந்தது. பரீட்சை நடந்தால் போதும் என்றால், நாம் 1857-க்கே திரும்பிப் போகிறோம் என்று அர்த்தம்.

ஒருங்கிணைப்புக் குழுவை யாரும் குறை சொல்ல வேண்டாம். வீட்டுக்காரர் வரும்வரை விளக்கேற்றி வைக்கிற பொறுப்பு அதற்கு. ஆனால் அதன் தலைவர் யார்? அரசின் உயர்கல்விச் செயலர். பல்கலைக்கழகம் பணம் கேட்க வேண்டியது அரசிடம். அப்படியானால் கேட்கிறவரும் கொடுக்கிறவரும் ஒருவரேயல்லவா? தனக்கே மனுப்போட்டுத் தானே நிராகரிக்கிற விசித்திரம் வேறெங்கே உண்டு? 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை இந்தப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. அன்றைக்கு அதற்காக ஓடி அலைய, அதற்காக மட்டுமே பதவியில் இருக்கிற ஒரு துணைவேந்தர் இல்லை.

பரிகாரம் என்ன என்று கேட்பீர்கள். எனக்குத் தோன்றுவது இரண்டு. பதவிக் காலம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே தேடல் தொடங்க வேண்டும். குறித்த நாளில் ஆள் வரவில்லையானால், செனட் தன் பேராசிரியர்களில் ஒருவரை முழு அதிகாரத்தோடு உட்கார வைக்கலாம் என்று சட்டம் சொல்ல வேண்டும். இரண்டாவது, அடுத்த பத்து வருஷத்தில் எந்தத் துறையில் எத்தனை பேர் ஓய்வு பெறுவார்கள், எதை வளர்ப்பது, பணம் எங்கிருந்து வரும் என்று சிண்டிகேட் ஒரு திட்டம் எழுதி ஊரறிய வெளியிட வேண்டும். பிறகு வேந்தர் யாரானாலும், அரசு எதுவானாலும், அந்தத் தாளைக் காட்டிக் கேள்வி கேட்க முடியும்.

இதையெல்லாம் யார் கேட்பது? உங்களில் எத்தனையோ பேர் வீட்டுக் கூடத்தில் அந்தப் பட்டம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. பதிவு செய்துகொண்ட பட்டதாரிகள் செனட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்பலாம் என்று சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. உங்களில் எத்தனை பேர் பதிவு செய்துகொண்டீர்கள்? எத்தனை பேர் ஓட்டுப் போட்டீர்கள்? எனக்கு அந்த உரிமை இல்லை, பட்டம் வாங்காதவன். உங்களுக்கு இருக்கிறது.

1913-இல் அகராதிக்கு முதல் சீட்டு எழுதியவர்கள் என்னை நினைத்து எழுதவில்லை. ஆனாலும் நான் இன்றிரவும் அதைப் புரட்டப் போகிறேன். இன்னும் நூறு வருஷம் கழித்து எழுதப் போகிறவனுடைய அலமாரிக்கு நாம் என்ன வைத்துவிட்டுப் போகப் போகிறோம்? மூன்று பேரா, நாலு பேரா என்ற வழக்குக் கட்டையா?