டிவிடின்னா இழுத்துப் போடறது இல்லீங்க!

கொல்லங்கோட்டுல இருக்கற அம்மாவுக்கு, பேத்தியோட டான்ஸ் வீடியோவை இங்க அமெரிக்காவுல இருந்து டிவிடில எழுதி அனுப்பினேன். "ஒண்ணும் வரலைடா, 'பேட் டிஸ்க்'னு காட்டுது"ன்னாங்க. தப்பு என்னோடதுதான். எம்பி4 ஃபைலை அப்படியே இழுத்துப் போட்டு எழுதிட்டேன்.

உடனே கிளம்பிட்டாங்க நம்மாளுங்க. "இந்தக் காலத்துல எவன்யா டிவிடி? வாட்ஸப்ல அனுப்பு!" ஏங்க, கண்ணுல புரை வளர்ந்த 78 வயசு மனுஷிக்கு உள்ளங்கை அகலத் திரையில பேத்தி முகம் தெரியுமா? பழகின ரிமோட், பெரிய டிவி... அவங்களுக்கு எது வசதியோ அதுதான் நல்ல டெக்னாலஜி.

இன்னொரு கோஷ்டி: "அமெரிக்கா ரீஜன் 1, இந்தியா ரீஜன் 5, அதான் ஓடல." சுத்த உடான்ஸ்! அந்தப் பூட்டு கம்பெனிக்காரன் விக்கற படத்துக்கு. நாம வீட்டுல எழுதற டிஸ்க்குக்கு ஏது பூட்டு?

விஷயம் இதுதான். பழைய பிளேயருக்குப் புரியறது எம்பெக்-2. நம்ம ஊர் டிவிக்கு பால் முறை: 720x576, நொடிக்கு 25 ஃபிரேம். டிவிடிஸ்டைலர்னு இலவச மென்பொருள் இருக்கு. அதுல வீடியோவைக் குடுத்து 'பால்'னு தேர்ந்தெடுத்தா, மாத்தி, பிளேயர் தேடற ஃபோல்டரோட எழுதிக் குடுத்துடும். 4.7 ஜிபி டிஸ்க்ல 2 மணி நேரத்துக்கு மேல திணிக்காதீங்க, படம் கட்டம் கட்டமா உடையும்.

ரெண்டாவது டிஸ்க் போய்ச் சேர்ந்துச்சு. அம்மா மூணு தடவை பார்த்தாச்சாம்.

பழசுன்னு சிரிக்கறவங்க இப்ப சிரிங்க :-)