உம்மும்மாவின் வாயில் வராத பெயர்



நேற்று என்னிடம் படித்த ஒரு தம்பி கோல் எடுத்தார். பெண் பிள்ளை கிடைத்திருக்கிறது, மாஷா அல்லாஹ். "சேர், ஊரில ஒருத்தரும் வைக்காத பெயர் ஒண்டு வைக்கப்போறம். கிம்பர்லி. எப்படி?" என்றார்.

அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். யாரும் கோபிக்க வேண்டாம்.

கிம்பர்லி என்பது இங்கிலாந்தில் நோர்போக் பகுதியிலுள்ள ஒரு கிராமம். அந்தக் கிராமத்தின் பெயரில் பிரபுப் பட்டம் பெற்ற ஒருவர் 1870களின் தொடக்கத்தில் பிரித்தானியாவின் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சராக இருந்தார். இலங்கையும் அப்போது அதே அமைச்சின் கீழ்தான். தென்னாபிரிக்காவில் வைரம் கிடைத்த ஓர் ஊரின் டச்சுப் பெயர் அவருக்கு வாயிலும் வரவில்லை, எழுதவும் வரவில்லை. 1873இல் அந்த ஊருக்கு அவருடைய பெயரையே வைத்துவிட்டார்கள்.

தன் வாயில் வராத பெயர் வேண்டாம் என்றார் அந்தப் பிரபு. நாமோ எங்கள் வாயில் வராத பெயரைத் தேடிப்போய் எங்கள் பிள்ளைக்கு வைக்கிறோம். உம்மும்மா அந்தப் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவார்?

"ஸபா, மர்வாவும் இடங்களின் பெயர்தானே சேர்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இமாம் புகாரியின் பெயரிலும் புகாரா என்ற ஊர் இருக்கிறது. இடப்பெயர் வைப்பது குற்றமில்லை. ஆனால் ஸபா என்ற பிள்ளை "எனக்கு ஏன் இந்தப் பெயர்?" என்று கேட்டால், அன்னை ஹாஜரா தண்ணீர் தேடி ஓடியதைச் சொல்லலாம். கிம்பர்லி கேட்டால் என்ன சொல்வது? "நெட்டில் பார்த்தேன்" என்றா?

இன்னொன்று. முஹம்மது என்ற பெயருக்கே ஆங்கிலத்தில் எத்தனை எழுத்துக்கூட்டல் என்பது இடாப்பு எழுதும் எங்களுக்குத் தெரியும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி வந்தால் கந்தோர் கந்தோராக அலைவது பிள்ளைதான். கிம்பர்லியைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதுவார்கள்.

அபூர்வமான பெயர்தான் வேண்டுமா? உங்கள் உம்மும்மாவின் உம்மாவுக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். என் வகுப்பு இடாப்பில் இன்று ஓர் உம்மு குல்தூம்கூட இல்லை.

தம்பி யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். ஏழாம் நாளுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. துஆச் செய்யுங்கள்.