பழைய வண்டிக்கு மாற்று என்ஜின்

இந்நகரில் குடியேறி வாழும் நம்மவரில் பலருக்குப் பழைய பிக்-அப் வண்டி ஒன்றே பிழைப்பின் அச்சாணியாக இருந்து வருகிறது. இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குக் கொடுப்போர், மெஸ் நடத்துவோர், விடியற்காலையில் மோண்டா மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றிச் செல்வோர், கலியாண வீடுகளுக்குப் பந்தல் சாமான் கொண்டு போவோர் என எத்தனையோ குடும்பங்கள் அத்தகைய வண்டிகளை நம்பி நிற்கின்றன. வண்டி நின்றால் அடுப்பும் நிற்கும். புது வண்டி வாங்க முதல் இல்லாத நிலையில், என்ஜினோ கியர் பாக்ஸோ பழுதானால் குடும்பத்தலைவர் முதலில் நாடுவது பழைய சாமான் கடையைத்தான். அங்கே ஏமாறாமல் வாங்குவது எப்படி, வாங்கியதைப் பொருத்துவதில் கவனிக்க வேண்டியவை யாவை, சட்டம் என்ன சொல்கிறது என்பவற்றை இம்மாதம் எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும். என்ஜினை மாற்றத்தான் வேண்டுமா? புகை அதிகம், இழுப்புக் குறைவு, ஆயில் குடிக்கிறது என்ற குறைகள் மட்டும் இருக்குமாயின், பிளாக்கைப் போரிங் செய்து அல்லது புது ஸ்லீவ் இறக்கி, பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றினால் பல ஆண்டுகள் ஓடும். பிளாக் விரிசல் விட்டது, கிராங்க் முறிந்தது, கனெக்டிங் ராடு பிளாக்கைத் துளைத்தது என்றால் மட்டுமே முழு என்ஜினைத் தேட வேண்டும். மெக்கானிக் சொல்லும் முதல் சொல்லுக்கே தலையாட்டிவிடாமல், ஹெட்டைக் கழற்றிப் பார்த்து, லேத் பட்டறையில் அளவெடுத்த பிறகே முடிவு செய்வது நன்று. அளவெடுக்கும் கூலி சிறிது. அதை மிச்சம் பிடிக்கப் போய் முழு என்ஜின் விலையை இழந்தவர்கள் உண்டு.

மாற்றத்தான் வேண்டும் என்றால், நம் வண்டியின் என்ஜின் எம்மரபைச் சேர்ந்தது என்பதை அறிந்துகொள்வது முதற்கடமை. வண்டியின் பெயரை மட்டும் சொல்லிச் சாமான் கேட்பவரே அதிகம் ஏமாறுகிறார்.

டாட்டா வண்டிகளை எடுத்துக்கொள்வோம். அந்தக் கம்பெனி தன் பழைய என்ஜின்களுக்கு இட்ட எண்களிலேயே பொருள் இருக்கிறது. 497 என்றால் 4 சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மில்லிமீட்டர் குறுக்களவு. 697 என்றால் அதே குறுக்களவில் 6 சிலிண்டர். 483 என்றால் 83 மில்லிமீட்டரில் 4 சிலிண்டர். 1986-ல் வந்த டாட்டா 407-க்கு அமைந்தது 2956 கன சென்டிமீட்டர் கொண்ட 497. 1988-ல் வந்த டாட்டாமொபைல் 206 பிக்-அப்பில் இருந்ததோ 1948 கன சென்டிமீட்டர் கொண்ட 483. இதே 483 பிறகு சியரா, எஸ்டேட் கார்களிலும், 1994-ல் வந்த சுமோவிலும் அமைந்தது. ஆகவே பழைய 206 வைத்திருப்பவர், அந்தப் பெயரையே சொல்லிக் கடை கடையாக அலைய வேண்டியதில்லை. உடைக்க வந்த பழைய சுமோவிலும் அவருக்கு வேண்டிய என்ஜின் கிடைக்கக்கூடும். ஆனால் பெயரில் ஓர் எண் மட்டுமே வேறுபடும் 207 டி.ஐ. வண்டியில் இருப்பது 2956 கன அளவுள்ள பெரிய என்ஜின். அடுத்தடுத்த எண் என்பதால் ஒன்றுக்கொன்று சேரும் என்று கருதுவது பிழை.

மஹிந்திரா வண்டிகளிலும் இத்தகைய சிக்கல் உண்டு. 1949-ல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கிய அந்தக் கம்பெனி, பெட்ரோல் என்ஜினிலிருந்து டீசலுக்கு மாறியபோது வெவ்வேறு மரபுகளைக் கையாண்டது. பிரான்ஸ் நாட்டுப் பியூஜோ மரபில் வந்தது 2112 கன அளவுள்ள எக்ஸ்.டி.பி. என்ஜின். 2000-ல் பொலேரோ வந்தபோது அதில் இருந்ததும் பியூஜோ மரபே. அதன் கன அளவு 2498. மஹிந்திராவின் சொந்த டி.ஐ. என்ஜினோ 2523. பொலேரோ பிக்-அப்பில் நாம் பெரிதும் காண்பது இதனையே. 2498-க்கும் 2523-க்கும் அளவில் இருக்கும் வேற்றுமை அற்பம். அமைப்பில் இருக்கும் வேற்றுமையோ பெரிது. ஹெட், பிஸ்டன், பம்ப் ஒன்றும் ஒன்றோடொன்று சேரா. "இரண்டரை லிட்டர் என்ஜின்" என்று மட்டும் கேட்டு வாங்கியவர் திண்டாடுவது இங்கேதான்.

நம் நகரத்துக்கே உரிய வண்டி ஒன்றையும் சொல்லாமல் விடலாகாது. 1942-ல் நிஜாம் ஆட்சிக் காலத்தில் தோன்றிய ஹைதராபாத் ஆல்வின் கம்பெனி, பஸ் கூடு கட்டுவதிலும் குளிர்ப்பெட்டி செய்வதிலும் பெயர் பெற்றது. 1980-களில் அது ஜப்பானிய நிஸான் கம்பெனியோடு சேர்ந்து, பம்பாய் நெடுஞ்சாலையில் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜஹீராபாத்தில் இலகு ரக லாரிகளைச் செய்தது. அந்தத் தொழிற்சாலை பின்னர் மஹிந்திராவின் கைக்கு மாறிற்று. ஆல்வின் நிஸான் இன்று உற்பத்தியில் இல்லை. அதே பத்தாண்டில் சுராஜ்பூரில் டி.சி.எம். டொயோட்டா, பஞ்சாபில் ஸ்வராஜ் மஸ்தா, பிதாம்பூரில் ஐஷர் மிட்சுபிஷி ஆகியவையும் தோன்றின. உற்பத்தி நின்றுபோன பெயர்களைக் கொண்ட வண்டியை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்க நினைப்பவர், வண்டியைப் பார்ப்பதற்கு முன் சாமான் கடையைப் பார்த்து வருவது உத்தமம். பாகம் கிடைக்காத வண்டி எத்தனை மலிவானாலும் விலை அதிகமே.

என்ஜின் மாற்றுவது நம்மவருக்குப் புதிய கலையன்று. 1950-களில் பெட்ரோல் லாரிகளின் செலவு தாங்காத முதலாளிகள், இங்கிலாந்துப் பெர்க்கின்ஸ் கம்பெனியின் பி-6 டீசல் என்ஜினை அவற்றில் பொருத்தி ஓட்டினர். அந்த என்ஜின்களைச் சென்னையில் செய்த ஸிம்ப்ஸன் கம்பெனி 1840-ல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய நிறுவனம். அதன் குழுமத்தைச் சேர்ந்த இந்தியா பிஸ்டன்ஸ் 1949-ல் எழுந்தது. இன்று ராணிகஞ்ச் கடையில் நாம் வாங்கும் பிஸ்டன், வால்வு, ஸ்டார்ட்டர் போன்றவற்றில் கணிசமானவை தமிழ்நாட்டிலிருந்து வருபவையே.

இனி, எங்கே வாங்குவது? செகந்தராபாத் ராணிகஞ்ச் புதுச் சாமான்களுக்குப் பேர் போன இடம். பிஸ்டன், ரிங், பேரிங், கிளட்ச் பிளேட், ஆயில் சீல் முதலியவற்றை எப்போதும் புதிதாகவே வாங்க வேண்டும். இவற்றில் பழையதைத் தேடுவது வீண் சிக்கனம். முழு என்ஜின், கியர் பாக்ஸ், ஆக்ஸில் ஆகியவற்றுக்கு விஜயவாடா நெடுஞ்சாலையில் வனஸ்தலிபுரத்தை அடுத்துள்ள ஆட்டோ நகர் போன்ற இடங்களை நாடலாம். இங்கே கிடைக்காதது சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்கக்கூடும். ஊரிலுள்ள மைத்துனரையோ சித்தப்பாவையோ அங்கே அனுப்புவதானால், பழைய பாகத்தின் மேல் வார்க்கப்பட்டிருக்கும் எண்ணையும், படத்தையும், அளவுகளையும் அனுப்பி வைக்க வேண்டும். "ஜீப் கியர் பாக்ஸ் ஒன்று" என்று சொல்லியனுப்பினால், லாரி பார்சலில் வந்து சேர்வது எதுவோ யாரறிவார்? திரும்ப அனுப்பும் கூலியும் நம் தலையிலேயே விழும்.

பழைய என்ஜினைச் சோதிக்கும் முறை இது. கூடுமாயின், ஓடும் நிலையில் உள்ளதையே வாங்க வேண்டும். அதுவும் குளிர்ந்த நிலையில் நம் கண்முன் ஸ்டார்ட் ஆக வேண்டும். முன்னரே சூடேற்றி வைத்த என்ஜின் எதையும் மறைத்துவிடும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளுமானால் ரிங் தேய்ந்துவிட்டது என்க. நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். கரும்புகை எரிபொருள் மிகுதியைக் காட்டும். அது பம்ப், நாஸில் கோளாறாகவும் இருக்கலாமாதலால் உடனே அஞ்ச வேண்டியதில்லை. சூடேறிய பின்னும் வெண்புகை நீங்காவிடில் தண்ணீர் உள்ளே இறங்குகிறதோ என ஐயுற வேண்டும். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் அந்த ஐயம் உறுதியாகும். கழற்றி வைத்த என்ஜினாயின், கையால் சுழற்றிப் பார்த்து, பிளாக்கில் வெல்டிங் தழும்பு உண்டா எனத் தேட வேண்டும்.

கிராங்க் ஷாப்ட் எத்தனை முறை கடையப்பட்டது என்பதும் முக்கியம். பட்டறையில் பத்து, இருபது, முப்பது என்பார்கள். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு குறைக்கப்பட்டது என்பதே அதன் பொருள். கம்பெனி விதித்த கடைசி அளவுக்குக் கடைந்த கிராங்க்கை மறுமுறை கடைய இடமில்லை. அத்தகையதை அரை விலைக்குத் தந்தாலும் வாங்கலாகாது.

கியர் பாக்ஸுக்கு வேறு சோதனை. வடிகால் நட்டைக் கழற்றி ஆயிலைப் பார்க்க வேண்டும். மெல்லிய மாவு போன்ற இரும்புத் துகள் இயல்பு. பல் துண்டு வந்தால் அதை அங்கேயே விட்டு வரலாம். ஒவ்வொரு கியராகப் போட்டு, கையால் சுழற்றி, விலகுகிறதா, இரைகிறதா என்று கேட்க வேண்டும். பொருத்தம் பார்க்கும்போது அளக்க வேண்டியவை ஐந்து: பெல் ஹவுசிங்கின் போல்ட் துளைகள், முன் ஷாப்ட்டின் நீளம், அதன் வரிப்பற்களின் எண்ணிக்கையும் கனமும், பிளைவீல் நடுவிலுள்ள பைலட் பேரிங்கின் அளவு, பின்னே காடன் ஷாப்ட் சேரும் தூரம். ஐந்தில் ஒன்று தவறினாலும் லேத் செலவு தொடங்கிவிடும். முன் ஷாப்ட் சற்றே நீண்டிருக்கையில் அதை உணராமல் போல்ட் முறுக்கினால், ஒரே நாளில் பேரிங் நொறுங்கும்.

ஜீப் மரபு வண்டிகளில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஆக்ஸிலிலுள்ள கிரௌன் பினியன். கிரௌனில் 43 பல்லும் பினியனில் 8 பல்லும் இருந்தால் விகிதம் 5.38, 39-ம் 8-ம் ஆனால் 4.88. ஜீப்பில் இவ்விரண்டும் உண்டு. முன் பின் இரண்டு ஆக்ஸிலும் இழுக்கும் வண்டியில் ஒன்றை மட்டும் மாற்றி, விகிதம் வேறுபடுமாயின், கெட்டித் தரையில் முழு இழுப்பைப் போட்ட மாத்திரத்தில் பற்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். பற்களை எண்ணிப் பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

பெரிய என்ஜின் போட்டால் அதிக பாரம் ஏற்றலாம் என்ற ஆசை சிலருக்கு எழுகிறது. என்ஜின் பெரிதானாலும் பிரேக்கும் சட்டமும் பழையவைதானே? வேகம் கூடும், நிறுத்தும் ஆற்றல் கூடாது. வண்டியில் பின்னால் அமர்ந்து வருவோர் நம் கூலியாட்களும் பிள்ளைகளும் என்பதை மறக்கலாகாது. அதற்கு மேல் சட்டமும் குறுக்கே நிற்கிறது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி வகுத்துப் பதிவுச் சான்றில் ஏறிய விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்திற்று. அதே கம்பெனியின் அதே வகை என்ஜினைப் போடுவது வேறு, வேறு இனத்தைப் போடுவது வேறு. முன்னதற்குப் பதிவு அதிகாரியிடம் அனுமதி கோரலாம். என்ஜின் மாற்றினால் 14 நாட்களுக்குள் அறிவித்து, பதிவுச் சான்றில் புதிய எண்ணை ஏற்றிக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாதவரின் வண்டி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி தகராறு செய்ய இடமுண்டு. வண்டியை விற்கவும் இயலாது.

அதைவிடப் பெரிய ஆபத்து திருட்டுச் சரக்கு. என்ஜின் எண் வெட்டிய இடம் அராவப்பட்டிருந்தாலோ, எழுத்துக்கள் கோணலாக இருந்தாலோ கையால் தொடலாகாது. என்ஜின் எண் குறித்த ரசீதும், அது எந்த வண்டியிலிருந்து கழற்றப்பட்டதோ அதன் பதிவுச் சான்று நகலும் கேட்டு வாங்க வேண்டும். தர மறுக்கும் கடையில் வாங்காதிருப்பதே நலம். அயலூரில் வந்து பிழைக்கும் நமக்குப் போலீஸ் நிலையத்தில் பரிந்து பேச எளிதில் ஆள் கிடைப்பதில்லை.

நிற்க, ஊரிலிருந்து தமிழ்நாட்டுப் பதிவுடன் வண்டி கொண்டு வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருப்பதாயின், ஊர்ப் பதிவு அலுவலகத்தில் ஆட்சேபணையில்லாச் சான்று பெற்று, தெலங்கானாவில் மறுபதிவு செய்தாக வேண்டும், வரியும் உண்டு. அந்த அலுவலில் என்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஒத்துப் பார்ப்பர். ஆகையால் என்ஜின் மாற்றும் எண்ணம் உடையவர், எந்த அலுவலகத்தில் முதலில் எழுதிக் கேட்பது என்று தீர்மானித்த பின்னரே சாமானுக்கு முன்பணம் கொடுப்பாராக. ஊரில் மாற்றி, எண்ணை ஏற்றாமல் இங்கே கொண்டு வந்தால் இரண்டு மாநிலங்களுக்கும் நடக்க நேரும்.

கடைசியாக, வீட்டுக் கணக்கை வைத்திருக்கும் பெண்மணிகளுக்கு ஒரு வேண்டுகோள். வண்டிக்கென்று தனி நோட்டு ஒன்று போடுங்கள். என்று என்ன மாற்றினோம், என்ன எண், எந்தக் கடை, எவ்வளவு தொகை என்பதை எழுதி, ரசீதுகளை அதிலேயே ஒட்டி வையுங்கள். மாதாமாதம் அதைப் புரட்டிப் பார்த்தால், பழுதுக்குச் செலவிடும் தொகை புது வண்டியின் தவணையை எட்டும் நாள் எது என்பது தானே தெரியும். அந்த நாள் வரும்வரை பழைய வண்டியைப் போற்றுவது அறிவுடைமை. வந்த பின்னும் பழகிய பாசத்தால் அதைக் கட்டி இழுப்பது குடும்பத்துக்கு நஷ்டம்.