பெரட்டு மணியும் கைப்பேசி மணியும்



தோட்டத்தில் பெரட்டுக்கு மணி ஒன்றுதான். வீட்டுக்கு வீடு ஒரு மணி கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளைக் காவல் வைத்தால் பால் வெட்டப் போவது யார்? நம் கைப்பேசிக்குள்ளும் இதே ஏற்பாடுதான். வங்கிச் செய்தியோ, மகள் அனுப்பிய படமோ, எது வந்தாலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பெரும்பாலும் கூகள் கம்பெனியின் ஒரே பாதை வழியாகத்தான் மணி அடிக்கிறது. ஐபோன் என்றால் ஆப்பிள். செயலி ஒவ்வொன்றும் தனித்தனியே விழித்துக் காத்திருந்தால் மத்தியானத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடும் அல்லவா? ஆகவே மணி ஒன்றாக இருப்பதில் நியாயம் உண்டு. அந்த மணி யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

தண்ணீர்மலைப் பக்கம் குடியிருக்கும் என் பழைய மாணவர் ஒருவர், பாயான் லெப்பாஸில் வேலை செய்கிறார். குடும்பப் படங்கள், தாயாரின் மருத்துவச் சீட்டுகள், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் அந்நியக் கம்பெனியிடம் கொடுக்க மனமில்லாமல், வீட்டிலேயே ஒரு சிறு கணினியில் நெக்ஸ்ட்கிளவுட் என்ற மென்பொருளைப் போட்டு அதில் வைத்திருக்கிறார். ஃபிராங்க் கார்லிட்செக் என்பவரும் நண்பர்களும் 2016-இல் ஜெர்மனியில் தொடங்கியது அது. அதன் உள்கட்டளைகளை யாரும் படிக்கலாம், திருத்தலாம். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி தைப்பூசப் படத்தை அதில் போட்டால் இங்கே மணி அடிக்கும்.

பெட்டி நம் வீட்டில். மணியோ இன்னும் கூகள் வீட்டில்! வீட்டுக் கணினி செய்தியைப் பூட்டித்தான் அனுப்புகிறது. நடுவில் எவரும் படிக்க முடியாது. நல்ல வேலைதான். ஆனால் எந்தக் கைப்பேசிக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை முறை என்பது மணியடிப்பவருக்குத் தெரியுமே! தோட்ட ஆபீஸ் கிராணி கடிதத்தைப் பிரிப்பதில்லை. ஆனாலும் யாருக்கு எப்போது கடிதம் வந்தது என்பதை அவர் அறிவார். அயல்நாட்டு அரசாங்கங்கள் இந்த மணிக் கணக்கைக் கூகளிடமும் ஆப்பிளிடமும் கேட்கின்றன என்று 2023 டிசம்பரில் அமெரிக்க செனட்டர் ரான் வைடன் கடிதம் எழுதிய பிறகே விஷயம் ஊருக்குத் தெரிந்தது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. யூனிஃபைடு புஷ் என்று ஒரு முறை இருக்கிறது. அதிலும் பாதை ஒன்றுதான். ஆனால் அடிப்பவரை நாமே தேர்ந்தெடுக்கலாம். அதற்கு உதவும் செயலிகளில் ஒன்று நோட்டிஃபை, 2021-இல் வந்தது. கூகள் தொடர்பில்லாத பதிப்பு எஃப்-டிராய்டு என்ற செயலிக் கிடங்கில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் மறுபாதியை வீட்டுக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். தொல்லையும் உண்டு: வீட்டில் மின்சாரம் போனால் மணியும் போச்சு. சில கைப்பேசிகள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று இச்செயலியை உறங்க வைத்துவிடும். அமைப்புக்குள் போய் அதற்கு அனுமதி தர வேண்டும்.

ரகசியத்தைவிடப் பெரிய குறை ஒன்று என் கண்ணில் படுகிறது. எல்லாச் செய்திக்கும் ஒரே ஓசை என்றால், வயதான தாயார் என்ன செய்வார்? அலுத்துப்போய் அத்தனையையும் நிறுத்திவிடுவார். அதோடு மருத்துவமனைத் தேதியும் காதில் விழாது. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், செய்திகளை வகை பிரித்து வேறுவேறு ஓசை தர வழியிருக்கிறது. செயலியை எழுதுபவர் வகை பிரித்துக் கொடுத்தால்தான் நமக்குப் பயன். நோட்டிஃபை ஐந்து நிலையாகப் பிரித்திருக்கிறது. செய்தி வாசகத்தையும் நாமே தமிழில் எழுதலாம். "கோப்பு பகிரப்பட்டது" என்றால் எந்தத் தாய்க்கு விளங்கும்?

என் மாணவர் தாயாருக்கு இரண்டே ஓசைதான் வைத்துக் கொடுத்திருக்கிறார். "தம்பி படம் போட்டிருக்கான்" என்பதற்கு மெல்லிய ஓசை. "அம்மா, நாளைக்கு ரத்தப் பரிசோதனை, காலையில் பசியாற வேண்டாம்" என்பதற்குப் பெரட்டு மணியைப் போல உரத்த ஓசை.